ஒரே பக்கம் பார்த்த கிளிகள்

"அண்ணி! கைய எடுங்க! போட்டுடாதீங்க!"

நான் போட்ட சத்தத்தில், அடுக்களையில் தோசை சுட்டுக்கொண்டிருந்த சகலை திருப்பியோடு ஓடி வந்துவிட்டார். பாம்பு வந்துவிட்டது என்று நினைத்தாராம்.

சிதம்பரத்தில் அவர்கள் வீட்டுக் கூடம். தரையில் ஓர் எவர்சில்வர் பேசின். அதில் ஆவி பறக்கிற வெந்நீர், மேலே பூந்திக்கொட்டை நுரை. அந்த நுரைக்கு மேல், விஜயா அண்ணியின் கையில், என் மாமியாருடைய தங்க வங்கி. முழங்கைக்கு மேலே போடுகிற, நடுவில் கூம்பாக ஏறி நிற்கிற பழைய வங்கி. இன்னொன்று பக்கத்துத் தட்டில் தன் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

விஜயா அண்ணி என் மனைவி செல்விக்கு அக்கா. தமக்கை, தங்கை இரண்டே பேர்தான் அந்த வீட்டில்.

"என்னா தம்பி, கொலையா பண்றேன்? அழுக்கு எடுக்கறேன். கடைக்குப் போற பொருளு, கருப்பா இருந்தா மட்டமா நெனைப்பான்."

"கொலைதான் அண்ணி" என்றேன்.

பூந்திக்கொட்டையில் சங்கிலி கழுவலாம், வளையல் கழுவலாம். காலங்காலமாக நம் வீடுகளில் செய்கிற வேலைதான், தப்பில்லை. ஆனால் கல் வைத்த பழைய நகைக்கு உள்ளே அரக்கு இருக்கிறது. கல்லுக்கு அடியில், சிவப்பு தூக்கித் தெரியட்டும் என்று மெல்லிய தகடு வைத்திருக்கிறார்கள். வெந்நீர் பட்டால் அரக்கு இளகும், கல் ஆடும். இடுக்கு வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் தகடு கறுத்துவிடும். அப்புறம் அந்தச் சிவப்புக் கெம்புக் கல்லுக்கு உயிர் திரும்பவே திரும்பாது. மேலே எவ்வளவு துடைத்தாலும் புண் ஆறின இடம் மாதிரி மங்கிக் கிடக்கும்.

வங்கியை வாங்கி, என் தோள்துண்டில் ஒற்றிவிட்டு, ஜன்னல் பக்கம் போனேன். தட்டில் இருந்ததையும் எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

அப்போதுதான் பார்த்தேன். வங்கிகளின் உச்சியில் இருந்த இரண்டு கிளியும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

நான் எப்படி இதில் விழுந்தேன்

இந்தத் தொடரைப் படிக்கிறவர்களுக்கு என் பைத்தியம் தெரியும். புதிதாக வந்தவர்களுக்கு இரண்டு வரி.

நான் நகைக்கடைக்காரனும் இல்லை, பத்தரும் இல்லை. சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்து ரிட்டயர் ஆனவன். ஊர் கடலூர், மஞ்சக்குப்பம். ஒரு தடவை பழைய வெள்ளிக் கடையில், உருக்குவதற்காகக் குவித்து வைத்திருந்த குப்பையில், குழந்தைக்கு இடுப்பில் கட்டுகிற அரைமூடி ஒன்று கண்ணில் பட்டது. அரசிலை மாதிரி, ஓரமெல்லாம் பொடிப் பூ. எந்தக் குழந்தை போட்டுக்கொண்டு தவழ்ந்ததோ, நாளைக்குக் காலையில் இது கட்டியாகிவிடுமே என்று தோன்றியது. வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான், விழுந்துவிட்டேன்.

அப்புறம் தண்டை, காப்பு, ராக்கொடி, ஒற்றை ஒற்றையாகக் காதுக் கொப்பு. பெரும்பாலும் வெள்ளி, கில்ட்டு. தங்கம் சேர்க்கிற வசதி நமக்கு ஏது? படித்துக் கற்றது ஒன்றுமில்லை. கடை கடையாக நின்று கேட்டுக் கற்றதுதான். சிதம்பரம் கீழவீதிப் பக்கம் ஒரு வியாபாரி என்னைக் கண்டதும் பெருமூச்சு விடுவார். "சார் வந்தா வியாபாரம் ஆவாது, விசாரணதான் ஆவும்" என்பார். அதை நான் ஒரு பட்டம் மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

செல்வி வேறு மாதிரி சொல்லுவாள். "பொண்டாட்டிக்கு நகை வாங்கற ஆம்பளையப் பாத்திருக்கேன். இவரு நகைக்குப் பேன் பாக்குற ஆம்பள."

ஷேவிங் பிரஷ்ஷால் தூசி தட்டுவதைத்தான் அப்படிச் சொல்கிறாள். உண்மையிலேயே அதைவிட நல்ல சாமான் கிடையாது. மெத்தென்று இருக்கும், பூ வேலை இடுக்குக்குள் போகும், கீறாது. அதே மாதிரி, பழைய வேட்டித் துணி. பல தடவை துவைத்து நூல் தளர்ந்த துணியில் ஒவ்வொரு நகையையும் தனித்தனியாகச் சுற்றி வைக்க வேண்டும். ஒன்றோடொன்று உரசினால் தங்கமே தங்கத்தைத் தின்னும். எங்கள் ஊர் கடல் காற்றுக்கு வெள்ளி வேறு சீக்கிரம் கறுக்கும். செண்ட்டு அடிப்பது, பவுடர் போடுவது எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில்தான் நகையைப் போட வேண்டும். கழற்றும்போது முதலில் நகை. இதை நான் சொல்லாத கல்யாண வீடு கிடையாது. "மாமா வந்துட்டாரு, செண்ட்டு பாட்டில ஒளிச்சி வைங்கடி" என்று பெண்கள் சிரிப்பார்கள்.

சரி, கிளிக்கு வருகிறேன்.

ஆளுக்கு ஒன்று

மறைந்த என் மாமியாருக்கு ஒரு கொள்கை. எதைப் பிரித்தாலும் இரண்டு பெண்களுக்கும் சரிபாதி. பூசணிக்காயை வெட்டினாலும் இரண்டு பாதியையும் கையில் தூக்கிப் பார்ப்பாராம். அவருடைய நகைகளில் ஜோடியாக இருந்தவை எல்லாம் அந்தக் கொள்கையில் மாட்டிக்கொண்டன. வங்கியும்தான். பெரியவளுக்கு ஒன்று, சின்னவளுக்கு ஒன்று.

நியாயம் என்றால் நியாயம்தான். ஆனால் ஒற்றை வங்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு ஜோடிச் செருப்பை ஆளுக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்த மாதிரி.

செல்வி ஒரு பத்தரிடம் போய், இதே மாதிரி இன்னொன்று வேண்டும் என்றாள். அந்தக் குடும்பத்தில் பத்தரை நம்பும் வழக்கம் கிடையாது. வேலை முடிகிறவரை எதிரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு பூ, ஒரு இலை, ஒரு இம்மி மாறக்கூடாது, மாறினால் வாங்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். பத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தாராம். "நீங்க ஒண்ணும் உங்க யோசனைய சேக்காதீங்க" என்று அடக்கிவிட்டாள். அவரும் ஒரு இம்மி மாறாமல் செய்து கொடுத்துவிட்டார்.

அந்த வங்கியின் உச்சியில் ஒற்றைக் கிளி. மற்ற வங்கிகளில் பெரும்பாலும் இரண்டு பக்கமும் பறவை இருக்கும், எந்தக் கையில் போட்டாலும் ஒன்றுதான். இதில் அப்படி இல்லை. இடது கைக்குச் செய்த கிளி இடது கையில் முன்னால் பார்க்கும். அதையே வலது கையில் போட்டால் முதுகுப் பக்கம் திரும்பிக்கொள்ளும்.

செல்வியிடம் இருந்தது இடது கை வங்கி. அதை அச்சாகப் பார்த்துச் செய்த புதியதும் இடது கை வங்கிதான். அதனால் அவள் இரண்டையும் போட்டுக்கொண்டு நின்றால் ஒரு கிளி எதிரே வருகிறவரைப் பார்க்கும், இன்னொரு கிளி பின்னால் வருகிறவரைப் பார்க்கும். ஒரு கல்யாணத்தில் யாரோ கேட்டதற்கு, "செயின் அறுக்குறவன் வந்தா பாத்து சொல்லும்" என்று சமாளித்தாள்.

இந்த விவரத்தை ரொம்ப நாள் கழித்து நான்தான் கண்டுபிடித்து, பெருமையாக அவளிடம் விளக்கினேன். விளக்காமல் இருந்திருக்கலாம்.

"அப்ப எங்கிட்ட இருக்கறது எடது கை. வலது கை அவகிட்ட. அப்படித்தானே?"

"ஆமா."

"சோத்துக் கை அவளுக்கு, பீச்சாங்கை எனக்கு. பாத்தீங்களா எங்கம்மா வேலைய!"

இப்படி ஒரு கோணம் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. அன்றிலிருந்து அக்காவோடு பேச்சு குறைந்தது. விசேஷ வீட்டில் பார்த்தால் "வா", "சாப்டியா", அதோடு சரி. அக்காவும் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார். அவருக்கு என்ன கோபம் என்று எங்கள் யாருக்கும் தெரியாது.

அண்ணியின் கணக்கு

இப்போது அண்ணியின் மகள் தர்ஷினிக்குக் கல்யாணம். பத்திரிகையைச் சகலை மட்டும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். அண்ணி வரவில்லை. "கூடப் பொறந்தவளுக்கு ஆள் விட்டு பத்திரிகை. நான் போவ மாட்டேன்" என்று செல்வி சொல்லிவிட்டாள்.

என்னை மட்டும் அண்ணி போன் போட்டுக் கூப்பிட்டார். பழைய வங்கியைக் கடையில் போட்டு மகளுக்குப் புது டிசைனில் ஆரம் எடுக்கப் போகிறார்களாம். உள்ளே அரக்கு எவ்வளவு இருக்கும், கடைக்காரன் எவ்வளவு கழிப்பான் என்று நான் பார்த்துச் சொல்ல வேண்டுமாம். வெள்ளிக்கிழமை கடைக்குப் போவதாக முடிவாகிவிட்டது. கடையில் போட்டால் எடை பார்த்து, கல்லைத் தட்டி எடுத்து, அன்றைக்கே நசுக்கிவிடுவார்கள். நான் போனது புதன்கிழமை.

பஸ்ஸில் போகும்போது ஒரே யோசனை. அந்த ஒற்றை வலது கை வங்கியும் போய்விட்டால், செல்வியின் இடது கை வங்கி காலத்துக்கும் அனாதைதான்.

அப்படி நினைத்துக்கொண்டு போனவன் கண்ணெதிரே இரண்டு வங்கி.

"அண்ணி, உங்ககிட்ட ஒண்ணுதானே இருக்கணும்?"

"பத்தருகிட்ட குடுத்து ஜோடி பண்ணேன். யாருகிட்டயும் சொல்லல."

"என்னன்னு சொல்லிப் பண்ணீங்க?"

"ஒரு இம்மி மாறக்கூடாதுன்னு சொன்னேன். அவரு என்னமோ சொல்ல வந்தாரு. யோசனைய நீங்களே வெச்சிக்கோங்கன்னுட்டேன்."

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவர் கண் கலங்கியிருந்தது.

"போட்டுப் பாத்தா ஒரு கிளி பின்னாடி பாக்குது தம்பி. பத்தர கேட்டா, நீங்க குடுத்த மாதிரிதாம்மா இருக்குதுங்கறாரு. அப்பதான் புரிஞ்சிச்சி. எங்கம்மா நேரானத சின்னவளுக்குக் குடுத்துட்டு, கோணல என் தலையில கட்டிட்டாங்க. மொதப் பொண்ணு, எல்லா வேலையும் செஞ்சவ நானு. எனக்குக் கோணலு. அத வூட்ல வெச்சிப் பாக்கவே புடிக்கல. உருக்கிட்டா நிம்மதி."

சகலை திருப்பியைக் கீழே வைத்தார். மனைவி வாயிலிருந்து இதை அவரும் இப்போதுதான் கேட்கிறார் என்று தெரிந்தது.

நான் ஒன்றும் விளக்கவில்லை. ஒரு தடவை விளக்கிப் பட்டது போதும். போனை எடுத்து இரண்டு வங்கியையும் சேர்த்து வைத்து ஒரு படம் பிடித்தேன்.

"அண்ணி, நாளைக்கி ஒரு நாளு டைம் குடுங்க. கடைக்கும் போவாதீங்க, பூந்திக்கொட்டைக்கும் போவாதீங்க."

வாசலில் வந்து நின்ற வங்கி

சாயங்காலம் கடலூர் வந்ததும் செல்வியிடம் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். எழுந்து போய் பீரோவைத் திறந்து தன்னுடைய இரண்டையும் எடுத்து வந்து போன் பக்கத்தில் வைத்தாள்.

"அவளும் பண்ணாளா?"

"பண்ணாங்க."

"இம்மி மாறக்கூடாதுன்னாளா?"

"அதே வார்த்த."

"அறிவு கெட்டவ" என்றாள். அந்த வசவில் இருந்த பாசத்தை நான் வருஷக்கணக்கில் கேட்டதில்லை. அண்ணி அதைக் கோணல் என்று நினைத்து மருகியதையும் சொன்னேன்.

"நாளைக்கி நான் எடுத்துட்டுப் போயி காட்டட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"உங்கள நம்பி நகைய அனுப்பறதா? அங்கயே ஒக்காந்து பிரஷ்ஷு போட்டுக்கிட்டு இருப்பீங்க. நானே எடுத்துட்டு வரேன். ஆனா உள்ள வர மாட்டேன், சொல்லிட்டேன். வாசல்ல நிப்பேன். நீங்க காட்டிட்டு எடுத்துட்டு வாங்க."

வியாழக்கிழமை காலை பஸ் பிடித்தோம். புதுச்சத்திரம் தாண்டுகிறவரை கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தாள். சிதம்பரத்தில் இறங்கியதும் பூ வாங்கினாள். பழம் வாங்கினாள். உள்ளே போக மாட்டேன் என்பவளுக்குப் பழம் எதற்கு என்று நான் கேட்கவில்லை.

சொன்ன மாதிரியே வாசல் கேட்டோடு நின்றுவிட்டாள். நான் மட்டும் உள்ளே போனேன்.

"யாரு தம்பி வெளியில?" அண்ணி கூடத்தில் இருந்தபடியே கேட்டார். அவருக்குத் தெரியும். ஜன்னல் வழியாகப் பார்த்தாகிவிட்டது.

"வங்கி வந்திருக்குது அண்ணி. உள்ள வராதாம்."

அண்ணி முந்தானையை இழுத்துச் சொருகினார். என்னைப் பார்த்துச் சொன்னார், ஆனால் தெருவுக்கே கேட்கிற குரலில்.

"வெயில்ல நிக்க வெச்சா உள்ள இருக்கற அரக்கு எளகிடும்னு நீங்கதானே சொன்னீங்க? நகைய நாசம் பண்ண வேணாம்னு சொல்லி உள்ள கூப்புடுங்க."

"எனக்கு யாரும் அரக்கப் பத்தி சொல்லித் தர வேணாம்" என்றது வாசல் குரல். சொல்லிக்கொண்டே உள்ளே வந்துவிட்டது.

நான்கு கிளிகள்

கட்டில் மேல் வேட்டித் துணியை விரித்தேன். அண்ணியின் இரண்டு, செல்வியின் இரண்டு. நான்கையும் வைத்தேன். இரண்டு கிளிகள் இந்தப் பக்கம், இரண்டு கிளிகள் அந்தப் பக்கம்.

அண்ணியுடையதில் ஒன்றை எடுத்து அவர் வலது கையில் ஏற்றினேன். செல்வியுடையதில் ஒன்றை எடுத்து அண்ணியின் இடது கையில் ஏற்றினேன். பீரோ கண்ணாடி முன்னால் நிறுத்தினேன்.

இரண்டு கிளியும் நேராக முன்னால் பார்த்தன.

அதே மாதிரி மீதி இரண்டையும் செல்வியின் கையில். அவையும் நேராக முன்னால்.

"கோணலே இல்ல அண்ணி. உங்களுது வலது கை, அவளுது எடது கை. நேரானதுதான் ரெண்டும். உங்கம்மா சரியாத்தான் பிரிச்சிருக்காங்க."

கண்ணாடியில் இரண்டு பேரும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள்.

"எனக்கு பீச்சாங்கைய குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்க்கா."

"எனக்குக் கோணல குடுத்துட்டாங்கன்னு நெனச்சேன்டி."

"அந்தப் பத்தரு சொல்ல வந்தாரு."

"எனக்கும் சொல்ல வந்தாரு."

"ஒரே பத்தரா?"

ஒரே பத்தர்தான். புவனகிரிக்காரர். இரண்டு பெண்களும் தனித்தனியாக வந்து ஒரே திட்டைத் திட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். மனிதர் வாயை மூடிக்கொண்டு பணத்தை வாங்கிக்கொண்டிருக்கிறார். இதைக் கேட்டு முதலில் சகலை சிரித்தார். அப்புறம் தர்ஷினி அறையிலிருந்து வந்து சிரித்தாள். அப்புறம் அக்காவும் தங்கையும் கட்டிலில் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது.

சிரித்த வேகத்தில் நான்கையும் கழற்றித் துணியில் போட்டுவிட்டார்கள். எது பழையது, எது புதியது என்று இருவருக்கும் தெரியவில்லை. அந்தப் பத்தர் இம்மி மாறாமல் செய்தவர் ஆயிற்றே.

"மாமா, எது அம்மாவோட அம்மா போட்டது?" என்றாள் தர்ஷினி. செல்வி புருஷன் சித்தப்பா என்றெல்லாம் அவளுக்குக் கிடையாது. ஊர்ப் பெண்கள் கூப்பிடுவதைக் கேட்டு வளர்ந்தவள், நான் எல்லோருக்கும் மாமா.

வாழ்க்கையில் நான் காத்திருந்த கேள்வி அதுதான். பெருமை இல்லை என்றால் பொய். மேலே பார்க்காதே, உள் பக்கம் தடவிப் பார் என்றேன். புதிய வங்கியின் உள் வளைவில் அரத்தால் ராவிய கோடு லேசாக விரலில் தட்டும். பழையதில் ஒன்றுமே தட்டாது. பெண்கள் பிறப்பதற்கு முன்னால், இளவயதில், என் மாமியார் தினமும் போட்டிருந்திருக்க வேண்டும். தோல் பட்டுப் பட்டு, கூழாங்கல் மாதிரி வழுவழுத்துப் போயிருந்தது.

செல்வி கண்ணை மூடிக்கொண்டு தடவினாள். அண்ணி அதைப் பிடுங்கி அவரும் தடவினார். "அம்மா கை மாதிரியே இருக்குடி" என்றார்.

கடையைப் பற்றி யாரும் பேசவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது, போனது.

மேடையில்

கல்யாணம் சிதம்பரத்திலேயே, ஒரு மண்டபத்தில். மணப்பெண் அறையில் நான் கதவுக்கு வெளியே நின்று, செண்ட்டு அடித்து முடித்தாகிவிட்டதா என்று கேட்டுக்கொண்டிருந்தேன். "முடிச்சாச்சி மாமா, நீங்க கெளம்புங்க" என்று உள்ளிருந்து பல குரல்கள்.

தர்ஷினி வெளியே வந்தபோது, பழைய வங்கி இரண்டும் அவள் கையில். வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று, கெம்பெல்லாம் மாதுளை முத்து மாதிரி. மெல்ல நடந்து வந்தாள். கிளிகள் இரண்டும் அவளுக்கு முன்னால் வழி பார்த்துக்கொண்டு வந்தன. மாப்பிள்ளை வீட்டு அம்மாள் ஒருவர் கிட்டே வந்து, "எந்தக் கடையில எடுத்தீங்க? இந்த டிசைன் நாங்க தேடாத எடமில்ல" என்று கேட்டார். எனக்கு அந்த மண்டபத்தின் நடுவில் ஏறி நின்று கத்த வேண்டும்போல் இருந்தது. கௌரவமாக மீசையைத் தடவிக்கொண்டேன்.

புதிய ஜோடி செல்வியின் கையில். அதற்கும் காலையில் ஒரு சண்டை நடந்தது. "நீ பொண்ணோட அம்மா, நீ போடு" என்று இவள். "எனக்குக் கழுத்து நெறைய கெடக்குது, நீ போடுடி" என்று அவர். கடைசியில் அண்ணி இவள் கையைப் பிடித்து இழுத்து, வளையல் கடைக்காரர் மாதிரி அழுத்தி ஏற்றிவிட்டார். நான்கில் எந்த இரண்டு யாருக்கு என்று இன்றுவரை பிரிக்கவில்லை. பிரிக்கிற பேச்சையும் யாரும் எடுக்கவில்லை. ஒரே துணிப்பொட்டலம், எந்த வீட்டில் விசேஷமோ அந்த வீட்டுக்குப் போகிறது.

தாலி கட்டி முடிந்து படம் எடுக்கிற நேரம். பெண், மாப்பிள்ளை, பக்கத்தில் அண்ணி, சகலை. அண்ணியின் அந்தப் பக்கம் செல்வி. போட்டோகிராபர் கேமராவை இறக்கினார்.

"மேடம், நீங்க கொஞ்சம் கீழ எறங்கிக்கறீங்களா? பொண்ணோட அப்பா அம்மா மட்டும் ஒரு படம்."

செல்வி காலை நகர்த்தினாள். அண்ணி அவள் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

"அவ எறங்க மாட்டா. எடம் பத்தலன்னா நீ எறங்கி நின்னு எடு தம்பி."

அவர் இறங்கி நின்றுதான் எடுத்தார்.